1988 அவதூறு மசோதா: பத்திரிகை ஆசிரியர்கள் ஒன்றுகூடிய கதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்திரிகைச் சட்டங்களைப் பற்றி இதழியல் மாணவர்களிடம் எங்கே பேசினாலும் 1988 அவதூறு மசோதா வந்துவிடும், கூடவே அதே சந்தேகங்களும் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அவதூறு மசோதான்னா என்ன? ரெண்டு வரியில சொல்லுங்க.

ராஜீவ் காந்தி அரசு 1988 ஆகஸ்ட் கடைசியில் மக்களவைக்குக் கொண்டுவந்த மசோதா அது. பத்திரிகைகளில் வரும் குற்றச்சாட்டுகளுக்காகச் சம்பந்தப்பட்டவர்களைச் சிறைக்கு அனுப்புவதை முன்பைவிட எளிதாக்கும் ஏற்பாடுகள் அதில் இருந்தன. 400க்கும் மேற்பட்ட உறுப்பினர்களை வைத்திருந்த கட்சிக்கு மக்களவை ஒரு தடையே இல்லை, ஆகஸ்ட் 30 அன்று மசோதா நிறைவேறியது. நாடு முழுக்கப் பத்திரிகை ஆசிரியர்களும் நிருபர்களும் முதலாளிகளும் சேர்ந்து எதிர்த்தார்கள். செப்டம்பர் 22 அன்று அரசு பின்வாங்கியது. மொத்தம் மூன்று வாரம் சொச்சம்.

அவதூறுக்குத்தான் ஏற்கெனவே சட்டம் இருக்கே, புதுசா எதுக்கு?

இருந்தது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள். அதிகபட்சம் இரண்டு வருடச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். குறைந்தபட்சம் இவ்வளவு நாள் உள்ளே போட்டே ஆகவேண்டும் என்று அதில் கிடையாது, நீதிபதி நினைத்தால் அபராதத்தோடு விட்டுவிடலாம். சிதறிக் கிடக்கும் சட்டத்தை ஒழுங்குபடுத்துகிறோம், சாதாரணக் குடிமகனின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்பது அரசுத் தரப்பு சொன்ன காரணம்.

ஆனால் அது எந்த நேரம் என்று பாருங்கள். 1987 ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி போஃபர்ஸ் பீரங்கி பேரத்தில் கமிஷன் கைமாறியதாகச் செய்தி வெளியிட்டது. 1988 நடுவில் சித்ரா சுப்பிரமணியமும் என். ராமும் 'தி இந்து'வில் அந்த பேரத்தின் ஆவணங்களையே அச்சிட ஆரம்பித்திருந்தார்கள். 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' இன்னொரு பக்கம் அரசை விடாமல் துரத்திக்கொண்டிருந்தது, 1987 செப்டம்பரில் அதன் அலுவலகங்களில் சோதனையும் நடந்திருந்தது. இப்படி ஒரு சமயத்தில் வந்து நிற்கும் மசோதாவை 'சட்டத்தை ஒழுங்குபடுத்துகிறோம்' என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அப்படி என்ன கொடுமை அதுல இருந்தது? பொய் எழுதினா தண்டனைன்னுதானே சொன்னாங்க?

முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். ஒருவர் குற்றம் செய்தார் என்று பொய்யாக எழுதுவது தனிக் குற்றமாக ஆக்கப்பட்டது. முதல் தடவை மாட்டினாலே குறைந்தது ஒரு மாதம் சிறை, மறுபடி மாட்டினால் குறைந்தது மூன்று மாதம். அதாவது நீதிபதி இரக்கப்பட்டாலும் விட முடியாது. விசாரணை சுருக்கமான முறையில் நடக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் நேரில் வந்து நிற்க வேண்டும். எழுதியது உண்மை என்று நிரூபிக்கும் பாரம் எழுதியவர் தலையில்.

காகிதத்தில் படித்தால் பெரிதாகத் தெரியாது, ஒரு நிருபரின் மேசையில் வைத்துப் பாருங்கள். ஒரு நகராட்சியில் தார் போட்டதாகக் கணக்கு எழுதிப் பணம் எடுத்துவிட்டார்கள், தெருவில் ஜல்லிகூடக் கொட்டவில்லை. நிருபர் போய்ப் பார்க்கிறார், படம் எடுக்கிறார். உள்ளே வேலை பார்க்கும் ஒருவர் பில்லின் நகலைக் காட்டுகிறார், பெயர் மட்டும் வெளியே வரக்கூடாது என்கிறார். செய்தி வருகிறது. ஒப்பந்ததாரர் வழக்குப் போடுகிறார். இப்போது அந்த நகல் எங்கிருந்து வந்தது என்று நீதிமன்றத்தில் சொன்னால் தகவல் கொடுத்தவரின் வேலை போகும், சொல்லாவிட்டால் உண்மையை நிரூபிக்க முடியாமல் நிருபர் உள்ளே போவார். செய்தி சரிதான் என்பது ஊருக்கே தெரியும், ஆனால் ஊருக்குத் தெரிவதும் நீதிமன்றத்தில் நிரூபிப்பதும் ஒன்றில்லை. அடுத்த தடவை அந்த நிருபர் அந்தத் தெருப் பக்கமே போகமாட்டார், ஆசிரியரும் போகச் சொல்லமாட்டார். இந்த மாதிரிச் சட்டம் அமலாவது பெரும்பாலும் இப்படித்தான், யாரும் சிறைக்குப் போகாமலே.

இதோடு, வெவ்வேறு ஊர்களில் வழக்குப் போட்டு ஆசிரியரை ஊர் ஊராக அலையவிடவும் முடியும். நேரில் வரவேண்டும் என்ற விதிக்கு அப்போதுதான் முழு அர்த்தம் புரியும்.

யார் யார் சேர்ந்தாங்க? எல்லாப் பத்திரிகையுமா?

ஆச்சரியமான பகுதி இதுதான். ஆசிரியர்களின் அமைப்பான எடிட்டர்ஸ் கில்ட், நிருபர்களின் சங்கங்கள், முதலாளிகள் என்று சாதாரணமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் ஒரே பக்கம் நின்றார்கள். செப்டம்பர் 6 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தம். டெல்லியில் இந்தியா கேட்டிலிருந்து ஊர்வலம் போனபோது எண்பது வயதைத் தாண்டிய 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' அதிபர் ராம்நாத் கோயங்காவும் அதில் இருந்தார், பத்திரிகை முதலாளி கோஷம் போடுகிறவர்களோடு தெருவில் நிற்பது தினமும் பார்க்கிற காட்சி இல்லை.

முதலாளிகள் ஏன் வந்தார்கள் என்பதற்கு ஒரு சின்னத் தடயம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. எந்த நாளிதழையாவது எடுத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்க வேண்டிய பொடி எழுத்தில் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருக்கும், தேடுங்கள்: இன்னாருக்காக இன்னார் அச்சிட்டு, இன்னார் வெளியிட்டது, ஆசிரியர் இன்னார். 1867ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கிய வரி அது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 மார்ச்சில் புதுச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. வழக்கு வந்தால் நிருபரோடு அந்த வரியில் இருக்கிறவர்கள் பெயரும் சேரும். குறைந்தபட்சச் சிறை என்றதும் அந்த வரியில் இருந்த எல்லோருக்கும் தூக்கம் போயிற்று.

பேப்பர்காரங்க ஸ்டிரைக் பண்ணா அரசாங்கத்துக்கு என்ன நஷ்டம்? திட்டுறவன் ஒரு நாள் வாயை மூடிக்கிட்டா சந்தோஷம்தானே?

நியாயமான கேள்வி, எனக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. வேலைநிறுத்தம் ஒரு அடையாளம், அவ்வளவுதான். அதைவிடக் காரமான ஆயுதம் புறக்கணிப்பு. 1943 தொடக்கத்தில் நடந்ததைச் சொன்னால் புரியும். இன்றைய மகாராஷ்டிராவில் இருக்கும் சிமூரில் நடந்த அத்துமீறல்களை விசாரிக்கச் சொல்லிப் பேராசிரியர் பன்சாலி உண்ணாவிரதம் இருந்தார், அந்தச் செய்தி வரக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசு தடுத்தது. அகில இந்தியப் பத்திரிகை ஆசிரியர்கள் மாநாடு என்ற அமைப்பின் முடிவுப்படி, புத்தாண்டுப் பட்டங்கள் பெறுகிறவர்களின் பட்டியலையும் கவர்னர் மாளிகைச் சுற்றறிக்கைகளையும் பத்திரிகைகள் போடவில்லை. ஜனவரி 6 அன்று வெளியீட்டையும் நிறுத்தின. ராவ் பகதூர் பட்டம் வாங்கியவர் தன் பெயரைக் காலையில் பேப்பரில் தேடிக் காணாமல் போவதை நினைத்துப் பாருங்கள், அரசுக்கு வலித்தது அங்கேதான். சில நாட்களில் தடை போய்விட்டது.

அப்போ 1988 முதல் தடவை இல்லையா?

இல்லவே இல்லை. மேலே சொன்ன மாநாடு 1940இல் டெல்லியில் உருவானது, போருக்கு எதிரான செய்திகளை அடக்க அரசு போட்ட உத்தரவுதான் காரணம். அதன் முதல் தலைவர் 'தி இந்து'வின் கஸ்தூரி சீனிவாசன்.

சுதந்திரம் வந்தும் ஓயவில்லை. 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழை மெட்ராஸ் மாகாணத்துக்குள் நுழையவிடாமல் அரசு தடுத்தது, 1950இல் ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அடுத்த வருடமே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து பேச்சுரிமைக்குப் புதுக் கட்டுப்பாடுகள் சேர்ந்தன. ஆசிரியர்கள் எதிர்த்தார்கள், நேரு கேட்கவில்லை, தோற்றார்கள். ஜெயித்த கதைகளை மட்டும் சொல்லிக்கொண்டு போவது சரியில்லை என்பதால் இதையும் சேர்க்கிறேன்.

1982 ஜூலை 31 அன்று பீகாரில் ஜகந்நாத் மிஸ்ரா அரசு ஒரு மசோதாவைச் சில நிமிடங்களில் சட்டசபையில் நிறைவேற்றியது. 'அநாகரிகமான' எழுத்துக்காகப் பத்திரிகையாளரைப் பிடிவாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாது. பாட்னாவில் ஆரம்பித்த எதிர்ப்பு நாடு முழுவதும் பரவியது, 1983இல் திரும்பப் பெற்றார்கள். 1988இல் அத்தனை வேகமாக ஆள் சேர்ந்ததற்கு இது ஒரு ஒத்திகை என்றே சொல்லலாம்.

எமர்ஜென்சியில இந்த ஆசிரியர்கள் எல்லாம் எங்க போனாங்க?

இதைக் கேட்காத வகுப்பே இல்லை. 1975 ஜூன் 25 இரவு டெல்லியில் பத்திரிகை அலுவலகங்கள் இருக்கும் பகதூர் ஷா ஜாபர் மார்கில் மின்சாரம் நின்றது, மறுநாள் முதல் தணிக்கை. 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்க இடத்தை வெற்றாக விட்டது, பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் கண்டனத் தீர்மானத்துக்குக் கையெழுத்து வாங்கினார், உள்ளே போனார். இப்படிச் சிலர் இருந்தார்கள். பெரும்பாலோர் பணிந்தார்கள். குனியச் சொன்னால் தவழ்ந்தீர்களே என்று பின்னாளில் அத்வானி சொன்னது அவர்களைத்தான். பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் பத்திரிகை கவுன்சிலைக் கலைத்தார்கள், நான்கு செய்தி நிறுவனங்களை ஒன்றாக்கி 'சமாச்சார்' என்றார்கள், பெரிதாக எதிர்ப்புக் கிளம்பவில்லை.

எடிட்டர்ஸ் கில்ட் 1978இல் தொடங்கப்பட்டது. தேதியைக் கவனியுங்கள், எமர்ஜென்சி முடிந்த மறு வருடம்.

அப்படின்னா 1988ல மட்டும் எப்படி தைரியம் வந்தது?

தைரியம் என்பதைவிட நிலைமை வேறு. 1975இல் உத்தரவு போட்ட நிமிடமே அமல், எதிர்க்கத் தாளில் இடமே கிடையாது. 1988இல் தணிக்கை இல்லை, தினமும் முதல் பக்கத்தில் மசோதாவைத் திட்ட முடிந்தது. அப்புறம், அது இன்னும் சட்டமாகவில்லை. மாநிலங்களவையும் குடியரசுத் தலைவரின் கையெழுத்தும் பாக்கி. 1986இல் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அனுமதித்த அஞ்சல் திருத்த மசோதா இரண்டு அவைகளையும் தாண்டியும் அப்போதைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

அடுத்த வருடம் பொதுத் தேர்தல் வேறு. போஃபர்ஸை மறைக்கத்தான் இந்தச் சட்டம் என்ற பேச்சு டீக்கடை வரைக்கும் போய்விட்ட பிறகு, மசோதாவை வைத்துக்கொள்வதால் அரசுக்குக் கிடைப்பதைவிடப் போவதுதான் அதிகம். ஆசிரியர்களின் ஒற்றுமை மட்டுமே ஜெயித்தது என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அது இல்லாமல் மற்றதெல்லாம் சேர்ந்திருக்காது.

தமிழ்நாட்டுக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது, பெருமைப்படும்படி இல்லை. பீகார் மசோதாவுக்கு முன்மாதிரியே நம் ஊர்தான். இந்திய தண்டனைச் சட்டத்தில் 292ஏ என்று ஒரு பிரிவை 1960இல் மெட்ராஸ் சட்டமன்றம் சேர்த்தது. ஆபாசமான, கீழ்த்தரமான, மிரட்டிப் பணம் பறிக்கும் எழுத்துக்கு எதிராக என்று போட்டது. 'கீழ்த்தரம்' எது என்று யார் முடிவு செய்வது என்ற கேள்விக்கு அன்றும் பதில் இல்லை.

இன்னொன்று, 1988 மசோதாவை நாடாளுமன்றத்தில் வாதாடிக் கொண்டுபோனவர் அப்போது சிவகங்கை எம்பியாகவும் மத்திய இணையமைச்சராகவும் இருந்த ப. சிதம்பரம். அதற்கு ஒரு வருடம் முன்புதான் சென்னையில் ஆனந்த விகடன் விவகாரம் நடந்திருந்தது.

விகடன் விஷயம் சட்டமே இல்லையே, உரிமை மீறல்தானே? அதை ஏன் இதோட சேர்க்கிறீங்க?

அவைக்கென்று இருக்கும் தனி உரிமைகளை மீறிவிட்டார் என்று அவையே ஒருவரைத் தண்டிப்பதுதான் உரிமை மீறல். எழுதப்பட்ட சட்டம் இல்லாததுதான் அதில் பெரிய ஆபத்து. 1987 மார்ச் கடைசியில் விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது. மேடையில் இருப்பவர்களில் யார் எம்எல்ஏ, யார் மந்திரி என்று ஒருவர் கேட்க, பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்எல்ஏ, முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில். சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. வழக்கு இல்லை, வாதம் இல்லை, தீர்ப்புச் சொன்னவர்களே பாதிக்கப்பட்டதாகச் சொல்லிக்கொண்டவர்கள். கட்சி வேறுபாடில்லாமல், போட்டிப் பத்திரிகை என்று பார்க்காமல் கண்டனம் எழுந்தது, இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். அவர் அதோடு நிற்காமல் உயர் நீதிமன்றம் போனார், பின்னாளில் 1,000 ரூபாய் இழப்பீடு கிடைத்தது. தொகையா முக்கியம்.

2003 நவம்பர் 7 அன்று இதே அவை உரிமை மீறல் என்று 'தி இந்து'வின் ஆசிரியர் உள்ளிட்ட ஐந்து பேருக்கும் 'முரசொலி' ஆசிரியருக்கும் 15 நாள் சிறை விதித்தது. 'முரசொலி' செய்தது 'தி இந்து' தலையங்கத்தைத் தமிழில் போட்டது. மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. உரிமை என்றால் என்ன, எது மீறல் என்று அவைகள் இன்றுவரை சட்டமாக எழுதி வைக்கவில்லை.

எல்லாம் சரி, பொய் எழுதுறவனைத் தண்டிக்கவே கூடாதா? பணம் கேட்டு மிரட்டுற பேப்பர் எத்தனை இருக்கு!

இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. சென்னைக்காரர்களுக்கு 1944இல் வேப்பேரியில் குத்திக் கொல்லப்பட்ட லட்சுமிகாந்தன் கதை தெரியும், சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை அச்சிட்டே பிழைத்தவர் என்பார்கள். அந்த ரகம் ஒழிந்துவிடவில்லை, செல்போனுக்கு இடம் மாறியிருக்கிறது.

மிரட்டிப் பணம் கேட்டால் அது மிரட்டிப் பறித்தல், அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அவதூறுச் சட்டம் தேவையில்லை. மானம் போனால் சிவில் வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்கலாம், மறுப்பு வெளியிடச் சொல்லலாம், பத்திரிகை கவுன்சிலுக்குப் போகலாம். 1994இல் நக்கீரன் தொடர்பான ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்துப் பாருங்கள், ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதை வெளியிடுவது பற்றிய வழக்கு. அதிகாரிகளைப் பற்றிய செய்தியை அவதூறு என்று சொல்லி அச்சாவதற்கு முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை. அவர்கள் அலுவல் சம்பந்தமாக எழுதியதற்கு நஷ்டஈடு வேண்டுமானால், உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதினார்கள் என்று காட்ட வேண்டும். கேள்வி தண்டனை வேண்டுமா வேண்டாமா என்பதில்லை, சிறை வேண்டுமா என்பது. என் பதில், வேண்டாம்.

மசோதாவை வாபஸ் வாங்கியாச்சே, அதோட பிரச்சினை முடிஞ்சதா?

முடியவில்லை. புது மசோதா போயிற்று, பழைய 499 அப்படியே இருந்தது. வெற்றி விழாவில் அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை என்பது என் குறை. 2016 மே மாதம் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில், அவதூறைக் குற்றமாக வைத்திருப்பது அரசியல் சட்டப்படி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே வருடம், தமிழ்நாடு அரசு ஐந்து வருடங்களில் 200க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் போட்டிருந்தது அதே நீதிமன்றத்தின் முன் வந்தது, அரசியல் ஆயுதமாக இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று கண்டித்தது. முதல்வர், அமைச்சர் தொடர்பான வழக்கை அரசு வழக்கறிஞரே நேராக செஷன்ஸ் கோர்ட்டில் போடலாம் என்று ஒரு வசதி இருக்கிறது, செலவு மக்கள் பணம். 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட பல வழக்குகளை ரத்து செய்தது.

2024 ஜூலை 1 முதல் 499, 500 போய் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356 வந்திருக்கிறது. சமூக சேவை என்ற தண்டனை சேர்ந்தது, இரண்டு வருடச் சிறை அப்படியே.

இப்பல்லாம் ஏன் தெருவுக்கு வர்றதில்லை?

நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். அரசைப் பற்றிய இணையச் செய்தியில் எது பொய் என்று அரசே முடிவு செய்யும் உண்மை சரிபார்ப்புக் குழு 2023 விதிகளில் வந்தபோது, எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் எடிட்டர்ஸ் கில்டும் ஒன்று. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. பலன் கிடைத்தது, ஆனால் இப்படி ஒரு வழக்கு நடந்ததே பேப்பர் படிக்கிறவர்கள் பலருக்குத் தெரியாது. 1988இல் படிக்காதவருக்கும் தெரிந்திருந்தது.

முதலாளிங்க தங்களைக் காப்பாத்திக்கத்தானே வந்தாங்க? இதைப் போய் சுதந்திரப் போராட்டம்னு சொல்றீங்க?

பாதி ஒத்துக்கொள்கிறேன், பொடி எழுத்து வரியைப் பற்றி மேலே சொன்னதே அதற்காகத்தான். அதே முதலாளிகள் நிருபர்களின் சம்பளம் என்று வந்தால் எதிர்ப்பக்கம். மஜீதியா சம்பளக் குழு பரிந்துரையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 2014 பிப்ரவரியில் தோற்றார்கள். அங்கேயும் 'பத்திரிகைச் சுதந்திரம்' என்றுதான் வாதாடினார்கள்.

ஆனாலும் சுயநலத்துக்காக வந்தவர் என்பதால் அவர் எதிர்த்த சட்டம் நல்லதாகிவிடாது. எனக்கு உறுத்துவது வேறு: சிறை என்று வரும்போது சேர்கிறவர்கள், ஒரு தாலுகா நிருபர் அடிபட்டால் சேர்வதில்லை. ஒப்பந்த அடிப்படையில், எழுதும் ஒரு வரிக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற அவர் பெயர் அந்தப் பொடி எழுத்து வரியில் இருக்காது.

நாங்க காலேஜ்ல ஒரு இணைய இதழ் நடத்துறோம். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

பொருந்தும். அவதூறுச் சட்டத்துக்கு நீங்கள் பெரிய பத்திரிகையா, அடையாள அட்டை இருக்கிறதா என்ற கணக்கெல்லாம் கிடையாது, வாட்ஸ்அப் குழுவில் போட்டாலும் அது வெளியீடுதான். கேன்டீன் ஒப்பந்தத்தில் ஊழல் என்று எழுதப்போகிறீர்கள் என்றால், ஆவணத்தின் நகல், பேசியவர்களின் குறிப்பு, தேதி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். குற்றம் சாட்டப்படுகிறவரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள், பதில் வராவிட்டால் கேட்டதையும் வராததையும் செய்தியிலேயே சேருங்கள். உண்மை என்பது மட்டும் போதாது, பொதுநலனும் இருக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் முதல் விதிவிலக்கு, அதனால் ஒப்பந்தக்காரரின் குடும்ப விவகாரத்தை இழுக்காதீர்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தால் பயந்து உடனே அழித்துவிட வேண்டாம், அது வழக்கு இல்லை, வெறும் கடிதம். பதில் அனுப்புவதற்கு முன்னால் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.